மூக்குக்குப் போங்கள், காதுக்குப் போகாதீர்கள்

கள்ளக்குறிச்சியில் சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது ஒட்டியிருக்கும். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, மனைகள் விற்பனைக்கு. இவற்றுக்கு நடுவே ஒரு வருடமாக ஒரு மஞ்சள் நோட்டீஸ் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காது, மூக்கு, தொண்டை நோய்கள் அனைத்துக்கும் அக்குபங்சரில் தீர்வு உண்டாம். மருந்து இல்லை, கத்தி இல்லை, பக்கவிளைவு இல்லை. கீழே ஒரு பட்டியல்: சைனஸ், அலர்ஜி, டான்சில், காதிரைச்சல், காதில் சீழ், பிறவியிலேயே காது கேளாமை.

முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மூன்று வேறு வேறு கோப்புகளை ஒரே நாடாவில் கட்டி ஒரே குறிப்பு எழுதி அனுப்பினால் எங்கள் சூப்பரின்டென்டன்ட் அதைத் தூக்கி மேசையில் அடிப்பார். அந்த நோட்டீஸ் செய்திருப்பது அதே வேலைதான். மூக்கு ஒரு கோப்பு, தொண்டை ஒரு கோப்பு, காது ஒரு கோப்பு. மூக்கு காத்திருக்கும். தொண்டையும் பெரும்பாலும் காத்திருக்கும். காது காத்திருக்காது. இந்தக் கட்டுரையில் நான் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

எனக்கும் ஊசிக்கும் பகை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக எனக்கு அலர்ஜி மூக்கு. காலையில் எழுந்தவுடன் தும்ம ஆரம்பித்தால் என் மனைவி அடுப்படியிலிருந்து எண்ணுவாள். பன்னிரண்டைத் தாண்டினால், "இன்னிக்கு மழை வரும்" என்பாள். புதுச்சேரியில் வேலையில் இருந்தபோது முறையாகப் படித்த ஒரு டாக்டரிடம் பத்து முறை அக்குபங்சர் செய்துகொண்டேன். அந்தப் பருவம் சுகமாகக் கழிந்தது. சந்தோஷமாகவே காசு கொடுத்தேன்.

என் அனுபவம் ஒன்று போதாது என்று நீங்கள் சொன்னால் அதுவும் நியாயம். ஜெர்மனியில் 422 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2013ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. எல்லோருக்கும் மகரந்த அலர்ஜி. ஒரு பகுதியினருக்கு முறையான அக்குபங்சர், இன்னொரு பகுதியினருக்குப் புள்ளி தவறிய இடத்தில் மேலோட்டமாகக் குத்திய பொய் அக்குபங்சர், மூன்றாம் பகுதியினருக்கு செடிரிசின் மாத்திரை மட்டும். மற்ற இரண்டு பகுதியினரும் தேவைப்பட்டால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். எட்டு வாரத்தில் பன்னிரண்டு அமர்வு. முடிவில் உண்மையான ஊசி வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சுகம். மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் பதினாறாம் வாரத்தில் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது இருக்கிறது, சிறியது, நிலைக்கவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கமும் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அலர்ஜி மூக்குக்கு மருந்து வேண்டாம் என்று விரும்புகிறவர்களுக்கு அக்குபங்சரை ஒரு வழியாகச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறது. 'சொல்லலாம்' என்பதற்கும் 'சொல்ல வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம் அரசாணை படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே மூக்கடைப்பு, தும்மல், கண் அரிப்பு என்று நீங்கள் ஊசிக்குப் போனால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உறை பிரிக்காத புது ஊசிதானா என்று மட்டும் கண்ணால் பாருங்கள். மஞ்சள் காமாலை கிருமி பழைய ஊசியில் பயணம் செய்யும். ஆஸ்துமாவும் சேர்ந்து இருந்தால் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்தை மாதக்கணக்கில் மூக்கில் விட்டு மூக்கையே பாழாக்கிக்கொண்டவர்களை நம் தெருவிலேயே காட்டுவேன். அதற்கு ஊசி எவ்வளவோ தேவலை.

தொண்டையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1958 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஷாங்காய் முதலாம் மக்கள் மருத்துவமனையில் ஒருவருக்கு மயக்க மருந்தே இல்லாமல், இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி குத்தி, டான்சிலை எடுத்தார்கள். உலகம் முழுதும் பேசப்பட்ட 'அக்குபங்சர் மயக்கம்' ஆரம்பித்தது இந்தத் தொண்டையில்தான். சீனாவிலேயே அது பிறகு குறைந்துபோய், இன்றைக்கு டான்சில் அறுவை என்றால் அங்கேயும் மயக்க மருந்துதான். அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறப் புள்ளி ஒன்று உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதோடு தொண்டைக் கோப்பு மூடப்பட்டது. (தொக்கம் எடுக்கிறேன் என்று குழந்தையின் தொண்டையில் விரல் விடுகிறவர்களோடு ஒப்பிட்டால் அக்குபங்சர்காரர்கள் ஆயிரம் மடங்கு மேல்.)

இனி காது.

நம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் எலும்புக் குழாய். அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய பதினைந்தாயிரம் நுண்ணிய மயிர் அணுக்கள். ஒலியை நரம்புக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவை அவைதான். கோழிக்கு அவை செத்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. ஊசி குத்தினாலும் முளைக்காது, விரலை வைத்தாலும் முளைக்காது, எந்தக் கல்லூரி டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் முளைக்காது.

பெரியவர்களுக்கு முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஓர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காதில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே விசில் சத்தம் மட்டும். தண்ணீர் போயிருக்கும் என்று இரண்டு நாள் பார்த்தார். பிறகு ஒரு தொடு சிகிச்சைக்காரரிடம் போனார். ஊசி கூடக் கிடையாது, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியில் விரலை வைப்பது. "மூன்று வாரம் பொறுங்கள், உடம்பு தானே சரிசெய்யும்" என்றாராம். வாத்தியாரும் பொறுத்தார். நான்காவது வாரம் காது டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "முதல் வாரத்திலேயே ஏன் சார் வரலை?"

திடீரென்று ஒரு காது அடங்கிப்போவது அவசரம், நண்பர்களே. ஸ்டீராய்டு மருந்து பலிப்பதற்குரிய காலம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரம். எவ்வளவு முன்னால் போகிறோமோ அவ்வளவு நல்லது. கவனியுங்கள், இந்த நோயில் கணிசமானவர்களுக்கு மருந்தே இல்லாமலும் கேள்வி ஓரளவு திரும்பும். அப்படித் திரும்பியவர்கள்தான் விரல் வைத்தவரின் விளம்பரத்தில் வருவார்கள். திரும்பாதவர் தொலைபேசியை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, "இது என் விதி" என்பார். எங்கள் வாத்தியார் அப்படித்தான் சொல்கிறார். மருந்து கொடுத்திருந்தால் நிச்சயம் திரும்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு இருந்தது. அது மூன்று வாரத்தில் கரைந்தது.

காதிரைச்சல் வேறு கதை. அதற்கு டாக்டர்களிடமே உருப்படியான மருந்து இல்லை. அமெரிக்கச் சங்கம் 2014ல் எழுதியபோது அக்குபங்சரை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனவே இரைச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்கிறவரிடம் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் முதலில் கேள்விப் பரிசோதனை. கேள்வி நரம்பில் கட்டி இருந்தாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அடுத்தது காதில் சீழ். இங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது. எல்லோரும் அல்ல, ஆனால் இந்தத் தொடு சிகிச்சைக்காரர்களில் பலரிடம் ஒரு வார்த்தை இருக்கிறது: 'கழிவு'. சளி பிடித்தால் கழிவு சேர்ந்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் கழிவு எரிகிறது. காதில் சீழ் வடிந்தால் கழிவு வெளியேறுகிறது, மருந்து போட்டுத் தடுக்காதே. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். மோலியேர் 1673ல் எழுதிய கடைசி நாடகத்தில் ஒரு வேலைக்காரி டாக்டர் வேடம் போட்டுக்கொண்டு வருவாள். தலைவலியா, வயிற்றுவலியா, கண் மங்கலா, எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே உறுப்பின் மேல்தான் சந்தேகம்: நுரையீரல். வகுப்பில் அதைப் படித்தபோது பெஞ்சைத் தட்டிச் சிரித்தோம். அறுபது வருடம் கழித்து அதே வசனத்தை என் தெருவில் ஒருவர் சிரிக்காமல் பேசுவார் என்று யார் கண்டது? நுரையீரல் என்ற இடத்தில் கழிவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சீழ் வடியும் காது என்றால் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். சில பேருக்கு ஓட்டையின் ஓரத்தில் தோல் உள்நோக்கி வளர்ந்து, காதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு எலும்புகளை அரித்துவிடும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த அறை வழியாகத்தான் போகிறது. அதைத் தொட்டால் வாய் கோணும். காதுக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. அதையும் தாண்டினால் மூளையில் சீழ்க்கட்டி. இதைக் 'கழிவு வெளியேறுகிறது' என்று வேடிக்கை பார்க்கச் சொல்கிறவரை என்னவென்று அழைப்பது? ஓட்டையை ஒட்டும் அறுவை சிகிச்சை இன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் சாதாரணமாக நடக்கிறது.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. புதுச்சேரியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக் கோப்புகள் என் மேசைக்கு வரும். காது கேளாத பிள்ளைகளின் பெற்றோரிடம், எந்த வயதில் தெரிந்தது என்று கேட்பேன். நாலு வயசு, அஞ்சு வயசு, பள்ளிக்கூடம் சேர்க்கும்போது. அதற்கு முன்னால்? "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் சார் பேசினாரு." "கோயிலுக்கு வேண்டிக்கிட்டோம் சார்." "நாக்கு தடிப்பா இருக்குன்னாங்க." அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் மாத உதவித்தொகையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதனால் தாமதத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று கூடச் சொல்லலாம். இன்று அப்படி இல்லை. நமது மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசம். செத்துப்போன மயிர் அணுக்களைத் தாண்டி நரம்புக்கே நேராக மின்துடிப்பு அனுப்பும் கருவி அது.

ஆனால் ஆறு வயது வரை இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. மூளையில் கேள்விக்கென்று ஒதுக்கிய இடம், ஒலியே வராவிட்டால், வேறு வேலைக்குப் போய்விடும். ஆள் வராத பதவியை ஒழித்துவிடுவது போல. அதனால்தான் பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம் செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பிப்பது என்று உலகெங்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதில் கருவி வைத்த பிள்ளை பேசுவதற்கும் ஐந்து வயதில் வைத்த பிள்ளை பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தாய்மார்களிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் இருப்பதால் இந்தக் குறையோடு பிறக்கும் பிள்ளைகளும் அதிகம்.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு மலையாளிப் பாட்டி எங்கள் தெருவுக்குப் புளியும் சாமையும் கொண்டு வருவார். (கேரளத்து மலையாளி இல்லை, கல்வராயன் மலைப் பழங்குடி.) போன மாசி மாதம் பேரனையும் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டரை வயது. என் பேத்தி அவனுக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டாள். திரும்பவில்லை. பாட்டியைக் கேட்டேன். "தெரியும் சாமி. கீழ ஒரு இடத்துல வாரம் ஒரு தரம் கை வெச்சு விடுறாங்க. ஒரு வருசம் ஆவும்னாங்க, ஏழு மாசம் ஆச்சு." பஸ்ஸுக்கும் சிகிச்சைக்கும் சேர்த்து அந்தக் குடும்பம் செலவழித்த பணத்தை விடுங்கள். அந்த ஏழு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இதற்கு முன் இதே காரியம் ஒரு நாடு முழுதும் நடந்திருக்கிறது. 1960களின் கடைசியில், கலாசாரப் புரட்சிக் காலத்தில், சீனாவில் ராணுவ மருத்துவக் குழுக்கள் காது கேளாதோர் பள்ளிகளுக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி குத்தின. பிடரியில் ஒரு புள்ளி. சீனத்தில் அதன் பெயர் யாமென், 'ஊமை வாசல்' என்று பொருள். ஊமைகள் பேசினார்கள், தலைவருக்கு வாழ்க கோஷம் போட்டார்கள் என்று பத்திரிகையும் பாட்டுமாக அமர்க்களப்பட்டது. அந்த அற்புதம் இப்போது எங்கே? இன்று சீனா அந்தக் குழந்தைகளுக்கு அரசுச் செலவில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறது. ஊசியைக் கண்டுபிடித்த ஊரே அந்தக் குழந்தைகளுக்குக் கருவிக்கு வந்துவிட்டது. நம் ஊர்ச் சுவர் மட்டும் இன்னும் 1968லேயே நிற்கிறது.

சுவரை விட்டு உள்ளே போனால் ஒரு பெரிய காதுப் படம் மாட்டியிருக்கும். காது மடலில் தலைகீழாக ஒரு குழந்தை, அதில் நூறு புள்ளிகள். 'ஐயாயிரம் ஆண்டுச் சீன ஞானம்' என்பார்கள். அந்தத் தலைகீழ்க் குழந்தை சீனக் குழந்தையே இல்லை. 1950களில் பிரான்சில் லியோன் நகரத்து டாக்டர் போல் நொழியே வரைந்தது. இடுப்பு நரம்பு வலிக்குக் காது மடலில் சூடு போட்டுக்கொண்டு வந்த நோயாளிகளைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை. சீனர்கள் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவருடைய படம் சரியா தவறா என்பது வேறு பேச்சு; வயது ஏறக்குறைய எழுபதுதான், எனக்குத் தம்பி என்று கூடச் சொல்லலாம். நம் தமிழில் 'காது குத்துவது' என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

இதைச் சொன்னால் உடனே இரண்டு காகிதங்களை நீட்டுவார்கள். ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல். 1979ல் பீஜிங்கில் நடந்த ஒரு கருத்தரங்கிலிருந்து வந்த பட்டியல் அது. மருத்துவர்களின் அனுபவத்தை வைத்துத் தயாரித்தது, முறையான ஆய்வை வைத்து அல்ல என்று அதிலேயே எழுதியிருந்தது. இரண்டாவது, மத்திய அரசு அங்கீகாரம். உண்மைதான். 2003 நவம்பரில் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வழியாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவரோ தகுந்த பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்று ஆணை வந்தது. 2019 பிப்ரவரியில் தனி முறையாகவே அங்கீகரித்தார்கள். ஆணைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஒரு முறையை அங்கீகரிப்பது, அந்த முறையின் பெயரில் சுவரில் எழுதும் ஒவ்வொரு வரியையும் அங்கீகரிப்பது ஆகாது. பத்திர எழுத்தருக்கு உரிமம் கொடுத்தால் அவர் எழுதும் பத்திரமெல்லாம் உண்மை என்றா அர்த்தம்?

அவர்கள் நீட்டாத மூன்றாவது காகிதம் ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம். (புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே வருடம்தான்.) இந்தந்த நோயைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஓர் அட்டவணை. புற்றுநோய், குருடு, நீரிழிவு வரிசையில் காது கேளாமையும் இருக்கிறது. விரல் மருந்து ஆகுமா என்று வக்கீல் வாதாடலாம். சட்டம் எழுதியவர்கள் எந்தப் பெற்றோரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதில் வாதம் கிடையாது.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். அங்கே உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுகிறார்கள், கையைப் பிடிக்கிறார்கள், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார்கள். உங்களிடம் காலை ஏழு மணிக்கு டோக்கன் போட்டு மதியம் வரை காத்திருந்தால், காதில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆள் என்கிறீர்கள். கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வருகிறவளுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அவளிடம், "இது நரம்புக் குறை, இதற்கு இந்த வயதுக்குள் இதைச் செய்ய வேண்டும்" என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவள் விரல் வைப்பவரிடம் போயிருக்கவே மாட்டாள். இதற்கு ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

பாட்டியின் பேரனைச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, அங்கிருந்து மேல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் தேவை. மனு எழுதத் தெரியாமல் யாராவது அலைந்தால், நம் ஊரானாலும் மலையானாலும், காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு அனுப்புங்கள். எழுதித் தருகிறேன். வரும்போது குழந்தையின் பிறப்புச் சான்றையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள்.